நான்காம் வரி

வாலெட்டாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பலர் ஒரு சின்னச் சிலையைத் தேடித்தான் வருகிறார்கள். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் களிமண்ணில் செய்த, உள்ளங்கையில் அடங்கும் 'உறங்கும் பெண்'. நான் போனது ஒரு பளிங்குக் கல்லைப் பார்க்க. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். கீழே பீடம், அதன்மேல் இலை செதுக்கிய தண்டு. பீடத்தின் முகத்தில் ஏழு வரிகள். மேல் நான்கும் பினீசிய மொழி, வலமிருந்து இடம் ஓடுகின்றன. கீழ் மூன்றும் கிரேக்கம், இடமிருந்து வலம்.

இதன் ஜோடிக் கல்லைப் பல ஆண்டுகளுக்கு முன் பாரிசின் லூவ்ரில் பார்த்திருக்கிறேன். அதிலும் இதே வாசகம்தான். அன்று கிரேக்கப் பெயர்களை மட்டும் எழுத்துக் கூட்டிவிட்டு அடுத்த கூடத்துக்கு நடந்துவிட்டேன். மேலே இருந்த நான்கு வரிகளும் அதையேதான் வேறு எழுத்தில் சொல்கின்றன என்று நினைத்தேன். அது பிழை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நான்கு வரிகளைக் கல்லின் எதிரில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை மால்டாவுக்குக் கொண்டுவந்தது.

மால்டாவைத் தமிழ் விவிலியம் படித்தவர்கள் மெலித்தா என்ற பெயரில் அறிவார்கள். பவுல் கப்பல் உடைந்து கரையேறிய தீவு. அதற்கும் முன்னால், கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில், இன்றைய லெபனான் கரையிலிருந்து பினீசியர் இங்கே வந்து குடியேறினார்கள். கி.மு. 218இல் தீவு ரோமர் கைக்குப் போயிற்று. ஆட்சி மாறினாலும் பேச்சு மாறவில்லை. பவுல் வந்தபோது தீவு மக்களைக் குறிக்க அப்போஸ்தலர் நடபடிகளின் கிரேக்க மூலம் ஆளும் சொல், கிரேக்கம் பேசாதவர்களுக்கு உரியது. நம் கல் இந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு, ரோமர் ஆட்சி, கிரேக்கப் பொதுமொழி, வீட்டில் பினீசியம்.

கீழிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அறிஞர்களும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். கிரேக்கம் சொல்வது இவ்வளவுதான்: தியோனிசியோசும் சராபியோனும், சராபியோனின் மக்கள், தீரு நகரத்தார், முதல்வனான ஹெராக்ளீசுக்கு. முடிந்தது. கொடுத்தவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், தெய்வம். வழிப்போக்கர் ஒருவர் நின்று படித்துவிட்டுப் போகத் தேவையானது எதுவோ அது.

மேலே உள்ள நான்கு வரிகளைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

எங்கள் ஆண்டவன் மெல்கார்த்துக்கு, சூரின் தலைவனுக்கு, நேர்ந்தது /
உன் அடியான் அப்தோசிரும் அவன் உடன்பிறந்தான் ஓசிர்ஷமரும், /
இருவரும் அப்தோசிரின் மகன் ஓசிர்ஷமரின் மக்கள், கேட்டருளியதால் /
அவர்கள் குரலை. அவர்களை ஆசீர்வதிப்பானாக.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிரேக்கத்தில் இவர்கள் தீரு நகரத்தார் என்று இருக்கிறது. பினீசியத்தில் அது இல்லை. சூரின் தலைவனிடம் பேசும்போது தாங்கள் எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை. தீருவின் சொந்தப் பெயர்தான் சூர். இன்றும் லெபனானில் அந்த ஊரைச் சூர் என்றே அழைக்கிறார்கள். கிரேக்கத்தில் தாத்தா இல்லை, பினீசியத்தில் இருக்கிறார். அடியான் என்ற சொல் கிரேக்கத்தில் இல்லை. நேர்ந்துகொண்டது இல்லை. குரல் இல்லை, ஆசி இல்லை. ஒரே கல்லில் ஒரே குடும்பம், ஊருக்கு ஒன்றும் தெய்வத்துக்கு ஒன்றுமாக இருவிதமாகப் பேசியிருக்கிறது.

பெயர்களிலும் ஒரு நுட்பம் உண்டு. அப்தோசிர் என்றால் ஓசிரிசின் அடியான். ஓசிர்ஷமர் என்றால் ஓசிரிஸ் காத்தான். எகிப்தோடு நூற்றாண்டுகளாகக் கடல் வணிகம் செய்த தீரு மக்களின் பெயரில் எகிப்தியத் தெய்வம் வந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை. கிரேக்கர் ஓசிரிசைத் தங்கள் தியோனிசோசாகக் கண்டார்கள். ஓசிரிசும் ஆபிசும் சேர்ந்த சராபிஸ் வழிபாடு தாலமி அரசர் காலத்தில் எங்கும் பரவியது. ஆகவே ஓசிரிசின் அடியான் கிரேக்கத்தில் தியோனிசியோஸ் ஆனான். ஓசிரிஸ் காத்தவன் சராபியோன் ஆனான். ஒலியைப் பார்க்கவில்லை, பொருளைப் பார்த்துப் பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

தாத்தா பெயர் அப்தோசிர், தகப்பன் ஓசிர்ஷமர், மக்கள் மறுபடி அப்தோசிர், ஓசிர்ஷமர். பெயரைக் கொண்டவன் என்பதால்தான் நம் மொழியில் பேரன். அந்தச் சொல்லை வைத்திருக்கிற நமக்கு இந்தக் குடும்பத்தின் வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'உடன்பிறந்தான்' என்று நான் மொழிபெயர்த்த இடத்தில் தமிழ் என்னைத் தடுத்தது. நம் பேச்சில் ஒருவன் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க முடியும்; பினீசியச் சொல் அதைச் சொல்வதில்லை. அப்தோசிர் முதலில் நிற்கிறான், தாத்தாவின் பெயரைச் சுமக்கிறான், 'உன் அடியான்' என்று கடவுளை நேராக விளிக்கிற இடமும் அவனுடையது. மூத்தவன் அவன்தான் என்பது என் துணிபு.

இந்தக் கற்கள் வெளிச்சத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில். 1694இல் மால்டா குருவானவர் இக்னாசியோ தி கோஸ்தான்சோ இவற்றின் எழுத்து பினீசியம் என்று எழுதினார். சரிதான், ஆனால் படிக்க யாராலும் முடியவில்லை. 1735இல் கியோ தெ மார்ன் என்பவர், அன்று மால்டாவை ஆண்ட மாவீரர் சபையின் துறவி, கல்வெட்டை இத்தாலியில் அச்சிட்டார். அறிஞர்கள் அதன்மேல் குனிந்து முயன்று தோற்றார்கள். பினீசியர் கட்டிய நகரங்கள் தெரியும், அவர்கள் எழுத்து கிரேக்கருக்குப் போன கதை தெரியும், அவர்கள் எழுதிய ஒரு வாக்கியத்தைக்கூடப் படிக்கத் தெரியாது என்பதுதான் அன்றைய நிலை.

1758இல் பாரிசில் ழான் ழாக் பார்தெலெமி படித்தார். பிரெஞ்சு அரசரின் நாணயச் சேகரத்தைக் காத்துவந்த அறிஞர். அதற்கு முன்பே பல்மைரா எழுத்தைப் படித்துக் காட்டியவர். அவருடைய முதல் பிடி முதல் சொல். ல், அலெஃப், த், ன், ன். எபிரேயத்தில் அதோன் என்றால் ஆண்டவன். அதோனாய் என்ற சொல் நம் தேவாலயங்களிலும் ஒலிக்கும். 'எங்கள் ஆண்டவனுக்கு' என்று தொடங்குவது காணிக்கைக் கல்லுக்குப் பொருத்தம். அடுத்து, கிரேக்கர் தீருவில் ஹெராக்ளீஸ் என்று கும்பிட்டது மெல்கார்த்தைத்தான் என்பது பழைய ஆசிரியர்கள் வழியே தெரிந்த செய்தி. மெல்கார்த் என்றால் நகரத்தின் அரசன். அந்தப் பெயரை அதன் இடத்தில் வைத்தபோது இன்னும் சில எழுத்துகள் கிடைத்தன. பிறகு பெயர்கள். கிரேக்கத்தில் மகனும் தகப்பனும் சராபியோன். அப்படியானால் மேலேயும் ஒரே எழுத்துக்கோவை இரண்டு முறை வர வேண்டும். வந்தது.

பினீசிய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். இந்தக் கல்வெட்டில் அவற்றில் 17 வருகின்றன. பார்தெலெமி ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாக அடையாளம் கண்டார். அவர் தடுமாறிய இடத்தைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். 1837இல் ஜெர்மானிய எபிரேய அறிஞர் கெசேனியஸ் அன்றுவரை தெரிந்த பினீசியக் கல்வெட்டுகளை எல்லாம் ஒரே நூலில் தொகுத்தபோது இந்தக் கல்லுக்கு உறுதியான பாடம் கிடைத்தது. எகிப்தின் ரொசெட்டா கல் மண்ணிலிருந்து வெளியே வந்ததே 1799இல்தான். அதற்கு 41 ஆண்டுகளுக்கு முன்பே இருமொழிக் கல் ஒன்றைக் கொண்டு செத்த எழுத்தை எழுப்பிக் காட்டியவர் பார்தெலெமி. ரொசெட்டா கல்லைக் கொண்டு எகிப்திய எழுத்தைப் படித்த சம்பொல்லியோனுக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

அருங்காட்சியகக் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மாவீரர் சபையில் புரொவான்ஸ் நாட்டார் தங்குவதற்காக 16ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை. பார்தெலெமி புரொவான்ஸ் கரையில், கசீஸ் என்ற ஊரில் பிறந்தவர். அந்த மாளிகையில் அருங்காட்சியகம் திறந்த ஆண்டு 1958. அவர் கல்லைப் படித்ததற்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து. யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜோடி பிரிந்தது 1782இல். சபையின் தலைவர் எம்மானுவேல் தெ ரோஹான் ஒரு கல்லைப் பிரான்சின் 16ஆம் லூயிக்குப் பரிசாக அனுப்பினார். ஏழே ஆண்டுகளில் புரட்சி. இன்னும் ஒன்பது ஆண்டுகளில் நெப்போலியன் மால்டாவில் இறங்கிச் சபையையே வெளியேற்றினார். பாரிசுக்குப் போன கல் 1864இல் லூவ்ருக்குள் நுழைந்தது. இரண்டு சகோதரர்கள் இரண்டாகச் செய்து வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும். தீருவிலிருந்த ஹெராக்ளீஸ் கோவிலில் பொன்னால் ஒன்றும் மரகதத்தால் ஒன்றுமாக இரண்டு தூண்களைப் பார்த்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சொந்த ஊர்க் கோவிலின் நினைவில் இவர்களும் ஜோடியாக நிறுத்தியிருக்கலாம். ஜோடியாக நேர்ந்ததை ஓர் அரசர் இன்னோர் அரசருக்குப் பிரித்துக் கொடுத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

மறுநாள் பஸ் பிடித்து மார்சாஷ்லொக் போனேன். தென்கிழக்குக் கரையில் மீனவர் துறை. கற்கள் எந்த இடத்தில் கிடைத்தன என்று அன்று யாரும் சரியாகக் குறித்து வைக்கவில்லை. ஹெராக்ளீஸ் கோவில் இந்தத் துறையை ஒட்டி இருந்தது என்பது பழைய மரபு. துறை முழுக்க லுட்சு என்னும் படகுகள். நீலமும் மஞ்சளும் சிவப்பும் பூசி, ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு கண்கள். பினீசியர் விட்டுப்போன வழக்கம், ஓசிரிசின் கண் என்று இங்கே சொல்கிறார்கள். அது எவ்வளவு பழையது என்பதற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் பினீசிய நெடுங்கணக்கில் அயின் என்ற எழுத்து உண்டு. அயின் என்றால் கண். வடிவமும் ஒரு சிறு வட்டம். கல்வெட்டில் அது ஐந்து இடங்களில் வருகிறது. எழுத்து தெரியாதவர்கூட முதலில் கண்டுபிடிக்கக்கூடியது அதுதான்.

துறையோரக் கடையில் எனக்கு மீன் கொண்டுவந்து வைத்த இளைஞர் என் கைப்பையில் இருந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். "அண்ணே, நீங்க தமிழா?" குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர். மால்டாவில் இன்று நம் ஆட்கள் பலர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் அந்த மண்ணில் அந்தக் குரலைக் கேட்க இனிமையாக இருந்தது. என்ன பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். செல்பேசியில் கல்லின் படத்தைக் காட்டி, முதல் வரியின் கடைசிச் சொல்லைத் தொட்டேன். நூன், தாலெத், ரேஷ். "தெய்வத்துகிட்ட, இது நடந்தா உனக்கு இதைச் செய்யறேன்னு வேண்டிக்கிறதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க தம்பி?"

"நேர்ச்சைன்னு சொல்லுவோம்ணே."

விவிலியத்தின் பழைய தமிழில் இதே எபிரேயச் சொல்லுக்குப் பொருத்தனை என்று இருக்கிறது. மதுரைப் பக்கம் நேர்த்திக்கடன். மூன்றில் நேர்ச்சைதான் இந்தக் கல்லுக்குப் பொருந்துகிறது என்று பட்டது. கடலுக்குப் போகிறவர்களின் வாயில் புழங்கிய சொல். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இவங்க நேர்ந்தது நடந்திச்சாண்ணே?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஊருக்கு மேலே தாஸ்-சில்ஜ் மேடு. சில்ஜ் என்றால் பனி. பனி மாதா கோவில் ஒன்று அங்கே இருப்பதால் அந்தப் பெயர். 1963இல் இத்தாலியத் தொல்லியலாளர்கள் தோண்டத் தொடங்கி, கற்காலக் கோவிலின் மேல் பினீசியரின் அஸ்தார்த்தே கோவிலையும், அதுவே ரோமர் காலத்தில் ஜூனோ கோவிலாக நீடித்ததையும் கண்டார்கள். அஸ்தார்த்தேயின் பெயர் கீறிய பானைத் துண்டுகள் ஏராளம். நான் போன அன்று வேலிக்கு வெளியேயிருந்துதான் பார்க்க முடிந்தது. வரிசை வரிசையாகக் கல், இடையே புல், கீழே இரண்டு பக்கமும் கடல்.

மால்டாவின் ஜூனோ கோவிலைப் பற்றிச் சிசெரோ ஒரு சம்பவம் சொல்கிறார், கி.மு. 70இல் வெர்ரெஸ் என்ற கொள்ளைக்கார ஆளுநருக்கு எதிராக எழுதியதில். நுமிதிய அரசர் மசினிசாவின் கப்பற்படைத் தலைவன் இந்தக் கோவிலிலிருந்து மிகப் பெரிய யானைத் தந்தங்களை எடுத்துப்போய் அரசருக்குக் கொடுத்தான். அரசர் முதலில் மகிழ்ந்தார். எங்கிருந்து வந்தவை என்று தெரிந்ததும் தனிக் கப்பலில் திருப்பி அனுப்பினார். தெரியாமல் பெற்றேன், தெரிந்ததும் திருப்பி வைக்கிறேன் என்ற பொருளில் தந்தத்தின் மேல் பியூனிக் எழுத்தில், அதாவது மேற்குப் பினீசியரின் எழுத்தில், பொறித்தும் வைத்தார். அந்தத் தந்தங்களையும் வெர்ரெஸ் கொண்டுபோனான் என்பது சிசெரோவின் குற்றச்சாட்டு. மேட்டில் நின்று பாரிசில் இருக்கும் கல்லை நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பிர்கிர்காரா ஊரில் இறங்கி தால்-ஹெர்பா மாதா கோவிலுக்குப் போனேன். சுவர்களில் நேர்ச்சைப் படங்கள். புயலில் சாயும் பாய்மரக் கப்பல், மேல்மூலையில் மேகத்துக்குள் மாதா. கட்டிலில் நோயாளி, சுற்றி மண்டியிட்ட குடும்பம். இத்தகைய மால்டா படங்களின் ஓரத்தில் வி, எஃப், ஜி, ஏ என்று நான்கு லத்தீன் எழுத்துகள் இருக்கும். 'நேர்ந்துகொண்டான், அருள் பெற்றான்' என்ற வாசகத்தின் சுருக்கம் அது. வரைந்தவர்களுக்கு மெல்கார்த்தைத் தெரியாது. ஆனால் வாசகத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான். நேர்ந்தது ஒரு பாதி, கேட்டருளியது மறு பாதி.

மால்டா மக்கள் பேசும் மொழி பினீசியத்தின் வாரிசு என்று 18ஆம் நூற்றாண்டில் உறுதியாக நம்பினார்கள். 1750இல் அஜியுஸ் தெ சொல்தானிஸ் அதைச் சொல்லவே நூல் எழுதினார். உண்மையில் அது அரபு வழி வந்த மொழி. பிள்ளை அல்ல, ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அந்த உறவு காதில் விழுகிறது. மகன், இபென்; கல்லில் ப்-ன். கேட்டான், செமா, கல்லில் ஷ்-ம்-அயின். ஆசீர்வதித்தான், பியெரெக், கல்லில் ப்-ர்-க். கோவிலில் மாலைப் பூசைக்கு வந்திருந்த மூதாட்டிகளின் முணுமுணுப்பில் இந்தச் சொற்களைத் தேடிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாள் மறுபடி அருங்காட்சியகம். அந்த இளைஞரின் கேள்வி கூடவே வந்தது. மூன்றாம் வரியின் கடைசியில் இருக்கும் சொல், க்-ஷ்-ம்-அயின். 'கேட்டதால்' என்றும் படிக்கலாம். 'கேட்கும்போது' என்றும் படிக்கலாம். உயிரெழுத்து எழுதாத மொழியில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. முதலாவது என்றால் நேர்ந்தது நடந்துவிட்டது, இது நன்றி சொல்லி வைத்த கல். இரண்டாவது என்றால் இது இன்னும் காத்திருக்கும் வேண்டுதல். வட ஆப்பிரிக்காவில் பினீசியர் குடியேறிய கார்த்தேஜில் கிடைத்த ஆயிரக்கணக்கான காணிக்கைக் கற்களில் இதே வாய்பாடு வருகிறது. அங்கேயும் இதே இரட்டைப் பொருள். பெரும்பாலோர் 'கேட்டதால்' என்றே கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் மொழிபெயர்த்தேன். வெளியூரிலிருந்து பளிங்கு தருவித்து, கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து, இரண்டு மொழியில் வெட்டுவித்து, ஒன்றுக்கு இரண்டாக நிறுத்துகிறவர்கள் காரியம் கைகூடியவர்களாகத்தான் இருப்பார்கள். இந்தத் தீவு சுண்ணாம்புக்கல் தீவு. இங்கே பளிங்கு விளையாது.

மார்சாஷ்லொக் தம்பிக்கு அன்று மாலை செல்பேசியில் எழுதினேன்: நடந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கற்களில் ஒன்றையாவது பார்க்க வாய்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரேக்கத்தை முதலில் படியுங்கள், தவறில்லை. பார்தெலெமியும் அதைக் கொண்டுதான் உள்ளே போனார். ஆனால் அதோடு நகர்ந்துவிடாதீர்கள். பினீசிய வரிகளில் நான்காவதைத் தேடுங்கள். எல்லாவற்றிலும் சிறிய வரி. எட்டே எழுத்துகள். வலது ஓரத்திலிருந்து முதல் மூன்று, கோஃப், லாமெத், மேம்: அவர்கள் குரல். அடுத்த ஐந்து, யோத், பேத், ரேஷ், காஃப், மேம்: அவர்களை ஆசீர்வதிப்பானாக. கிரேக்கத்தில் இந்த வரி இல்லை.